பல்லி மார்க் வெண்ணெய்

ஒரு கிழமை நான் ஐரிஷ்காரியாக இருந்திருக்கிறேன். பலெர்மோவில், ஒரு பெரிய சூப்பர்மார்க்கெட்டின் குளிர்ப்பெட்டிகளுக்கு முன்னால், பச்சை ஏப்ரனும் பச்சைத் தொப்பியும் போட்டுக்கொண்டு. இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. யாரும் கேட்டதுமில்லை. போன மாதம்தான் கேட்டார்கள்.

கேட்டவர்கள், பலெர்மோவின் ஒரேத்தோ பகுதியில் நான் வேலை செய்த தொழிற்கூடத்தில் இப்போது வேலைக்குச் சேர்ந்திருக்கும் பெண்கள். முதலாளியின் மகள் பொறுப்பை எடுத்தபிறகு அங்கே ஜப்பான் சோஸ் அடைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். சோஸ் பீப்பாயில் வருகிறது. எங்கிருந்து வருகிறதோ, ஜப்பானிலிருந்து வரவில்லை. போத்தலில் ஒரு மலையும் ஒரு கொக்கும் இருக்கின்றன. "அக்கா, ஆரும் வந்து கேட்டால் நாங்கள் என்ன சொல்லுறது?" என்று என் வீட்டுக்கு வந்து கேட்டார்கள். நான் இளைப்பாறியவள், அந்தத் தொழிலில் பழுத்தவள் என்பது அவர்களுடைய எண்ணம். ஒரு வரியில் சொல்லக்கூடிய பதில் என்னிடம் இருக்கவில்லை. ஆகவே நடந்ததை எழுதுகிறேன்.

பயிற்சிக் காலம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. யாழ்ப்பாணத்துக்கு மேற்கே உள்ள தீவுகளில் ஒன்றில் பிறந்தேன். கணவர் முதலில் பலெர்மோவுக்கு வந்தார், பிறகு நான் வந்தேன். பல வருடங்கள் வீடுகளில் வேலை. ஒரு சின்யோராவின் வெள்ளிக் கரண்டிகளை மினுக்கினேன், இன்னொரு சின்யோராவின் நாயை நடக்கக் கூட்டிப்போனேன். இத்தாலிய மொழியை அவர்களிடமிருந்துதான் பிடித்தேன். அதனால் எனக்கு முதலில் வந்த வாக்கியங்கள் எல்லாம் கட்டளைகள். கடையில் பாண் வாங்கும்போதுகூட அதட்டித்தான் வாங்குவேன் என்று கணவர் சொல்வார்.

கடைசிச் சின்யோரா இறந்த அன்று, செத்தவீட்டுக்கு வந்த உறவினர்கள் ஒவ்வொருவராக எனக்கும் கைகொடுத்துத் துக்கம் விசாரித்தார்கள். அவர்களில் ஒருவர் என் கையைப் பிடித்தவர் விடவில்லை. மெலிந்த மனிதர், கறுப்புக் கழுத்துப்பட்டி, கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. என் கையைத் திருப்பி உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தார். "உங்கள் கை எப்போதும் இப்படிக் குளிராகவா இருக்கும்?" என்று கேட்டார். ஆம் என்றேன். "எனக்கு வெண்ணெய் வெட்ட ஆள் தேவை" என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்தவருக்குக் கைகொடுக்கப் போனார்.

அவர்தான் சின்யோர் லில்லோ. அவரிடம் நான் இளைப்பாறும்வரை வேலை செய்தேன்.

லில்லோவின் தொழில், ஐரிஷ் சாப்பாடு. அவர் அயர்லாந்துக்குப் போனதில்லை. சிசிலித் தீவைவிட்டு வெளியே அவர் போன ஆகத் தூரமான இடம் நாப்போலி. அதுவும் ஒரு கலியாணத்துக்கு. அவர் இளைஞராக இருந்த காலத்தில் பலெர்மோவில் ஐரிஷ் மதுக்கடைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. உள்ளே இருட்டாகவும் சாப்பாடு மோசமாகவும் இருந்தும் வாசலில் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். அதைப் பார்த்த லில்லோ, நல்ல சாப்பாட்டை அந்தப் பெயரில் கொடுத்தால் என்ன என்று யோசித்தார். அவர் பிறந்தது பல்லரோ சந்தைக்குள். ஐரிஷ் ஊர்ப்பெயர்கள் பல 'பல்லி' என்று தொடங்கும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். மனிதர் அதைத் தெய்வ சித்தமாக எடுத்துக்கொண்டு, தன் சரக்குக்கு 'பல்லிரோ' என்று பெயர் வைத்துவிட்டார்.

எங்களுக்கு அது பல்லிதான். என்னோடு வேலை செய்த யோகன் என்ற பெடியன், வன்னியிலிருந்து வந்தவன், அவன்தான் முதலில் 'பல்லி மார்க் வெண்ணெய்' என்று சொல்லத் தொடங்கினான். ஒருநாள் லில்லோவுக்கும் அதன் அர்த்தத்தைச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. பல்லி உங்கள் ஊரில் நல்ல சகுனமா கெட்ட சகுனமா என்று கேட்டார். உடம்பில் எந்த இடத்தில் விழுகிறது என்பதைப் பொறுத்தது என்றேன். "அப்படியானால் வியாபாரத்துக்குச் சரி" என்றார்.

வெண்ணெய் போலந்திலிருந்து வந்தது. நல்ல வெண்ணெய், அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். பெரிய மட்டைப்பெட்டிகளில், நீல நிற மெல்லிய தாளில் சுற்றி, கல்லுப்போல வரும். முதல்நாள் பின்னேரமே குளிர் அறையிலிருந்து எடுத்து வெளியே வைக்க வேண்டும். அதிகமாக இளகினால் கம்பி வழுக்கும்; இறுக்கமாக இருந்தால் கம்பி அறுந்துவிடும். பெருவிரலால் அழுத்தினால் நகத்தின் பாதிவரை போக வேண்டும். அதுதான் பதம். கம்பி பூட்டிய சட்டத்தைக் கீழே இறக்கினால் கட்டிகள் பிரியும். ஒவ்வொன்றையும் தராசில் வைத்து, குறைந்ததற்குச் சீவலைச் சேர்த்து, கூடியதைச் சீவி, பச்சையும் பொன்னிறமும் கலந்த தாளில் மடிக்க வேண்டும். முதலில் நீளப் பக்கம், பிறகு இரண்டு காதுகள். மடிப்பு அடியில் வரவேண்டும், பசு மேலே வரவேண்டும். கைரேகை பதியக்கூடாது. நடுவில் நடுவில் குளிர்நீரில் கையை விட்டு எடுப்போம். எனக்கு அது தேவைப்படவில்லை. லில்லோ அந்த விஷயத்தில் என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார்.

தாளில் இருந்த பசு உள்ளூர்ப் பசு. பலெர்மோவுக்குப் பின்னால் உள்ள மலையில், மாசி மாதம் புல் பச்சையாக இருந்த ஒரு கிழமைக்குள் லில்லோவின் மருமகன் போய் எடுத்த படம்.

வெண்ணெயைவிட அவருக்கு அதிகம் பிடித்தது போத்தலில் அடைத்த ஐரிஷ் ஆட்டிறைச்சிக் குழம்பு. இறைச்சி நியூசிலாந்தில் உறைந்து கப்பலில் வந்தது. உருளைக்கிழங்கு எகிப்து. கரட்டும் வெங்காயமும் கபோ சந்தையில் அவரே விடியப் போய்த் தெரிந்தெடுப்பார். இறைச்சியை முதலில் பொன்னிறமாகப் பொரிய விட்டு, அதற்குள் சிவப்பு வைன் ஊற்றி, தக்காளிக் களி போட்டு, பிரிஞ்சி இலையோடு மூடிவிடுவோம். தொழிற்கூடம் முழுக்க வாசம் அடிக்கும். ஐரிஷ்காரர் உண்மையில் இதைத்தான் சாப்பிடுவார்களா என்று ஒருமுறை கேட்டேன். "கிடைத்தால் சாப்பிடுவார்கள்" என்றார்.

அவர் யாரையும் அதட்டி நான் கண்டதில்லை. ஏப்ரனுக்குள் எப்போதும் கழுத்துப்பட்டி இருக்கும். புதிதாக லேபிள் அச்சடித்து வந்தால், எங்களை எல்லாம் நிற்கவைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பூசையில் வேதம் வாசிப்பதுபோல முழுவதையும் சத்தமாக வாசிப்பார். 'அயர்லாந்தில் தயாரிக்கப்பட்டது' என்று எங்கேயும் எழுத மாட்டார். 'ஐரிஷ் சுவை' என்றுதான் எழுதுவார். சுவைக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது என்பது அவருடைய வாதம். தாளின் மேல்மூலையில் ஒரு ஐரிஷ் சொல்லும் இருந்தது. நல்வரவு என்று அர்த்தம். ஏதோ ஒரு மதுக்கடைச் சுவரில் பார்த்துத் தன் கையால் எழுதிக்கொண்டுவந்தது. மற்றதையெல்லாம் வாசிப்பவர் அதை மட்டும் வாசிக்க மாட்டார். அந்த இடம் வந்ததும் தலையை ஒருமுறை தாழ்த்திவிட்டு அடுத்த வரிக்குப் போவார்.

மார்ச் மாதத்தில் ஐரிஷ்காரரின் பெருநாள் வரும். அந்தக் கிழமைதான் எங்கள் அறுவடை. ஒரு வருடம் பெரிய சூப்பர்மார்க்கெட் ஒன்று எங்கள் சரக்கை எடுக்கச் சம்மதித்தது. ஒரேயொரு நிபந்தனை: ஐரிஷ்காரர் ஒருவர் கடைக்குள் நின்று ஆட்களுக்கு ருசிபார்க்கக் கொடுக்க வேண்டும். லில்லோ பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவியைப் பிடித்தார். அவள் ஸ்கொட்லாந்து. லில்லோவுக்கு அது பக்கத்து ஊர். ஆனால் முதல்நாள் காலையிலேயே அவளுக்குக் காய்ச்சல். லில்லோ எங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். யோகனைப் பார்த்தார், மற்றவர்களைப் பார்த்தார், என்னிடம் வந்து நின்றார்.

"பத்மா, உங்களுக்கு ஆங்கிலம் தெரியும்" என்றார். கொஞ்சம் தெரியும் என்றேன். நீங்கள் பொய் சொல்லத் தேவையில்லை என்று உறுதியளித்தார். எங்கிருந்து வந்தவர் என்று கேட்டால், ஒரு தீவிலிருந்து என்று சொல்லுங்கள், அது உண்மைதானே என்றார். உண்மைதான். இலங்கைத் தீவுக்குப் பக்கத்துத் தீவிலிருந்து வந்து, சிசிலி என்ற இன்னொரு தீவில் நின்றேன். தொப்பி எனக்குப் பெரிதாக இருந்தது. யோகன் உள்ளே பஞ்சு வைத்துத் தந்தான்.

ஆட்கள் நன்றாகவே நடந்துகொண்டார்கள். பாணில் வெண்ணெய் பூசிக் கொடுத்தேன், குழம்பைச் சின்னக் கிண்ணங்களில் கொடுத்தேன். ஒரு கிழவர் என்னை ஏறஇறங்கப் பார்த்துவிட்டு, தான் கப்பலில் வேலை செய்த காலத்தில் அயர்லாந்துக்குப் போயிருப்பதாகவும் அங்கே வெயில் தாங்க முடியாது என்றும் சொன்னார். நான் மறுக்கவில்லை. சரக்கு நன்றாக ஓடியது.

மூன்றாம்நாளோ நாலாம்நாளோ, வெள்ளைத் தலைமயிரை ஆண்பிள்ளைபோல வெட்டியிருந்த ஒரு முதிய பெண் சக்கரப் பையை இழுத்துக்கொண்டு வந்து நின்றார். ருசிபார்க்கக் கொடுத்ததை வாங்கவில்லை. வெண்ணெய்ப் பொதியை எடுத்து எல்லாப் பக்கமும் திருப்பி ஒரு சொல் விடாமல் வாசித்தார். பிறகு, இந்தப் பல்லிரோ அயர்லாந்தில் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று இத்தாலிய மொழியில் கேட்டார். பலெர்மோக்காரரின் இத்தாலியன்தான், ஆனால் அடியில் வேறு ஏதோ ஒலித்தது.

"ஒரேத்தோவில், சின்யோரா. ரயில் நிலையத்துக்குப் பின்னால்" என்றேன்.

அவர் என் தொப்பியைப் பார்த்தார். நன்றி சொல்லி, இரண்டு பொதிகளைப் பையில் போட்டுக்கொண்டு காசாளரிடம் போனார்.

பெருநாள் முடிந்து, சித்திரை பிறந்த பிறகு, பரிசோதகர்கள் வந்தார்கள். எந்த அலுவலகம் என்று எழுதவில்லை, மரியாதையானவர்கள். அவர்கள் லில்லோவின் அறையில் இருக்கும்போதே செய்தி பரவிவிட்டது: ஒரு ஐரிஷ் சின்யோரா முறைப்பாடு கொடுத்திருக்கிறார். லில்லோ வெளியே வந்து கை கழுவுகிறவர்போல என் பக்கத்தில் நின்றார். "உங்களிடமும் கேட்பார்கள். நீங்கள் வெட்டுகிறவர். வெட்டுகிறவருக்கு வெட்டத்தான் தெரியும்" என்றார்.

இளம் பரிசோதகர் ஒருவர் என்னிடம் வந்தார். வெயிலில் வந்த களைப்பு. மேசைக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த பெட்டிகளில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். எவ்வளவு காலமாக வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார், சொன்னேன். இந்த வெண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். அவர் கையை ஊன்றியிருந்த பெட்டியிலேயே போலந்து என்று கொட்டை எழுத்தில் இருந்தது. எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் எனக்கு வாசிக்கத் தெரியாது என்று நினைத்திருப்பார், அல்லது விசர்பிடித்தவள் என்று நினைத்திருப்பார். நான் அந்தப் பெட்டியைக் காட்டினேன். அவர் கையை எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

அன்று மத்தியானமே குளிர் அறையைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். பச்சைத் தாள் உருளைகளை எல்லாம் எடுத்துக்கொண்டு போனார்கள். லில்லோ ஏப்ரனைக் கழற்றி மடித்து மேசையில் வைத்தார். ஒவ்வொருவருக்கும் கைகொடுத்து, மறுபடி கூப்பிடும்வரை வீட்டில் இருக்கச் சொன்னார். என்னிடம் வந்தபோது, "உங்களைக் கேட்டார்கள், நீங்கள் பதில் சொன்னீர்கள். கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான். இருபது வருட வேலையில் அவர் என்னைக் கண்டித்தது அந்த ஒரு தடவை.

வீட்டில் இருப்பது எனக்குப் பெரிய காரியமில்லை. கணவருக்கு வேலை இருந்தது. யோகனுக்குத்தான் அது தலையில் விழுந்த இடி. அவன் வன்னியில் நடந்த கடைசிச் சண்டைக்கு முன்னமே வேலை அனுமதியில் வந்தவன். ஒரு வருடத்தில் மனைவி கலாவைக் கூப்பிடலாம் என்று நினைத்து வந்தான். அதற்குள் பாதை பூட்டுப்பட்டு, அவள் உள்ளே அகப்பட்டுக்கொண்டாள். மாதக்கணக்காக அவள் உயிரோடு இருக்கிறாளா என்றுகூட அவனுக்குத் தெரியாது. வெண்ணெய் மடித்துக்கொண்டே இருப்பான். திடீரென்று கை நின்றுவிடும். நான் ஒன்றும் கேட்க மாட்டேன். சண்டை முடிந்து, முகாமிலிருந்து அவள் வெளியே வந்தபிறகு, அவளைக் கூப்பிடும் விண்ணப்பத்தைப் போட்டிருந்தான். அதற்கு வேலை ஒப்பந்தம் உயிர்நாடி. ஒப்பந்தம் விழுந்தால் விண்ணப்பம் விழும்; அவனுடைய பெர்மெஸ்ஸோவை, இங்கே தங்கும் அனுமதியை, புதுப்பிப்பதும் சிக்கலாகும்.

முத்திரை வைத்த அன்று பேருந்துத் தரிப்பிடம்வரை யோகனும் நானும் சேர்ந்து நடந்தோம். பேருந்து வரும்போது அவன் என் பக்கம் திரும்பினான்.

"தெரியாதெண்டு சொல்லியிருக்கலாம்தானே அக்கா."

"பெட்டியிலை எழுதியிருந்தது, தம்பி."

"பெட்டி கதைச்சதே? நீங்கள்தானே கதைச்சனீங்கள்."

என்னோடு ஏறாமல் அடுத்த பேருந்துக்கு நின்றுகொண்டான். அதன்பிறகு நான் அழைத்தபோதெல்லாம் அவன் போனை எடுக்கவில்லை.

நான் செய்தது பிழை என்று அப்போதும் நினைக்கவில்லை, இப்போதும் நினைக்கவில்லை. ஆனாலும் கோபத்தை யாரிடமாவது காட்ட வேண்டியிருந்தது. அந்த வெள்ளைத்தலைச் சின்யோராவை நான் போர்கோ வெக்கியோ சந்தையில் அதற்கு முன்பும் கண்டிருந்தேன். மீன்காரரிடம் கேட்டேன். "ஐரிஷ் டீச்சரா?" என்று தெருவைக் காட்டினார். பேர் நோரா. இங்கத்தைய ஒருவரைக் கட்டி, பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம் படிப்பித்து, இளைப்பாறி, கணவரும் போய், தனியாக இருப்பவர். நாங்கள் அந்தக் கடையில் வெண்ணெய் விற்காமல் விட்டிருந்தால் ஒரு ஐரிஷ்காரரை நான் வாழ்நாளில் கண்டிருக்க மாட்டேன்.

படியேறும்போது கேட்க வேண்டியதை இத்தாலிய மொழியில் அடுக்கிக்கொண்டேன். உங்களுக்கு எங்களால் என்ன நட்டம்? உங்களால் எத்தனை குடும்பம் நடுத்தெருவில் நிற்கிறது? கதவைத் திறந்தவுடன் இரண்டையும் கேட்டேன். கட்டளை இத்தாலியன் அன்றைக்குக் கைகொடுத்தது.

அவர் என்னை உள்ளே கூப்பிட்டு இருத்தினார். இழுப்பறையிலிருந்து வெறும் வெண்ணெய்த் தாளை எடுத்துக்கொண்டு வந்தார். வெண்ணெய் முடிந்திருந்தது; தாளைக் கழுவி வைத்திருந்தார். மேல்மூலையில் இருந்த அந்தச் சொல்லில் விரலை வைத்தார்.

"இது பிழை. இரண்டு எழுத்து இடம் மாறியிருக்கிறது. இப்படி எழுதினால் இதற்கு அர்த்தமே இல்லை" என்றார்.

நான் விளங்காமல் பார்த்தேன். வெண்ணெய் எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் இருக்கவில்லை. அது தங்கள் ஊர் வெண்ணெய் இல்லை என்பது முதல் வாயிலேயே தெரிந்ததாம், ஆனாலும் நன்றாக இருந்ததாம். இந்த நகரத்தில் வாழ்ந்த இத்தனை வருடங்களில் தன் மொழியின் சொல் ஒன்றைக் கடைத்தட்டில் கண்டது அதுதான் முதல் தடவை. அதுவும் பிழையாக இருந்தது. தாளில் இருந்த முகவரிக்கு எழுதினார், பதில் இல்லை. பிறகு ஒரு அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னார். அங்கே எழுத்துப் பிழையைக் கவனிக்க ஆள் இல்லை. ஆனால் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தவர், வெண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று கேட்டிருக்கிறார். நோரா என்னைப் போலவே பதில் சொல்லியிருக்கிறார்: ஒரேத்தோவிலிருந்து.

நான் கொண்டுபோன கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. எங்கள் நாட்டில் பேருந்திலும், அலுவலக வாசலிலும், ஆஸ்பத்திரிச் சுவரிலும் அரசாங்கம் எழுதிவைத்த தமிழைப் பார்த்து வளர்ந்தவள் நான். எழுத்தின் கொம்பு விழுந்திருக்கும், மேலே வைக்கும் குற்று விழுந்திருக்கும், ஒரு எழுத்து மாறி அர்த்தமே அசிங்கமாகியிருக்கும். எழுதியவனுக்கு அது ஒரு அலங்காரம். வாசிக்கிறவருக்குத்தான் அது மொழி. என் தகப்பனார் ஒரு தபாற்கந்தோர் பலகைக்காக மாதக்கணக்காகப் போய்ச் சண்டை பிடித்தவர். அந்தப் பலகை மாறவில்லை. இதையெல்லாம் நோராவிடம் சொன்னேன். அவர் எழுந்துபோய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தார்.

அதன்பிறகுதான் யார் யார் வேலை இழந்து நிற்கிறார்கள் என்று விபரமாகக் கேட்டார். யோகனைப் பற்றிச் சொன்னேன். கலாவைப் பற்றியும் சொன்னேன். அவர் தேநீரை ஊற்றி என் முன்னால் வைத்தார். பிறகு, வீட்டுவேலைக்கு ஒப்பந்தம் எழுதினால் அந்த விண்ணப்பத்துக்கு அது செல்லுமா என்று கேட்டார். செல்லும், ஆனால் ஒரு வீட்டு மணித்தியாலங்கள் போதாது என்றேன். "அப்படியானால் இன்னும் வீடுகள் பிடிப்போம்" என்றார்.

யோகனைக் கூட்டிவருவதுதான் கஷ்டமாக இருந்தது. அவன் இருந்த அறைக்கே போனேன்.

"அந்த மனுசியின்ரை வீட்டை நான் ஏன் வரவேணும்? எங்களை றோட்டிலை விட்டவ அவதானே."

"ஓம். அவவுக்கும் அது தெரியும். அதுதான் கூப்பிடுறா."

"நீங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து என்னை வைச்சு விளையாடுறியள் அக்கா."

"கலா வரவேணுமோ வேண்டாமோ? அதை மட்டும் சொல்லு."

சேர்ட்டை மாற்றிக்கொண்டு வந்தான்.

நோரா தன்னோடு படிப்பித்த பழைய ஆசிரியைகளின் வீடுகளுக்கு எங்களைக் கூட்டிப்போனார். கதவு திறந்ததும் முகமன் ஒன்றும் கிடையாது. "இவர் யோகன். என்னால் வேலை போனது. உன் வீட்டு யன்னல்கள் அழுக்காக இருக்கின்றன" என்று தொடங்குவார். ஒருவர் கதவைச் சாத்தினார். ஒருவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். இரண்டு பேர் சம்மதித்தார்கள். நோராவோடு மூன்று வீடு. மூன்று ஒப்பந்தத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது அலுவலகத்தில் ஏற்றுக்கொண்டார்கள். யோகன் அன்று என்னோடு ஒரே பேருந்தில் வந்தான். பழைய கதையை அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

லில்லோ அபராதத்தைக் கட்டிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை இனிப்புப் பெட்டியோடு நோரா வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். அவர் மன்னிப்பும் கேட்கவில்லை, குறையும் சொல்லவில்லை. அந்தச் சொல்லைச் சரியாக எழுதித் தர முடியுமா என்று மட்டும் கேட்டார். நோரா எழுதிக் கொடுத்தார். எப்படி உச்சரிப்பது என்றும் சொல்லிக் கொடுத்தார். லில்லோ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கதிரையிலிருந்து எழுந்து நின்று, அதைச் சத்தமாக வாசித்தார். அவர் அதை வாசித்து நான் கேட்டது அன்றுதான்.

ஆனியில் தொழிற்கூடம் திறந்தது. புது லேபிளில் 'போலந்து வெண்ணெய், பலெர்மோவில் பொதி செய்தது' என்று வாசிக்கக்கூடிய எழுத்தில் இருந்தது. 'ஐரிஷ் சுவை' போய்விட்டது. பல்லிரோ என்ற பெயரை வைத்திருக்கலாம் என்றார்கள், ஏனென்றால் அப்படி எந்த ஊரின் பெயரையும் திருடியதாக யாராலும் காட்ட முடியவில்லை. பசுவுக்கும் தடை இல்லை. அது சிசிலிப் பசு. நோராவின் சொல் பின்பக்கத்துக்குப் போனது, பிழை இல்லாமல். வியாபாரம் படுத்துவிடும் என்று பயந்தோம். படுக்கவில்லை. அடுத்த மார்ச்சில் அதே ஆட்கள் அதே தட்டிலிருந்து அதே பச்சைப் பொதியை எடுத்தார்கள். முன்பும் யாரும் வாசித்திருக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. சோஸ் அடைக்கும் அந்தப் பெண்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: கேட்டால் சொல்லுங்கள். பெரும்பாலும் கேட்க மாட்டார்கள்.

யோகன் தொழிற்கூடத்துக்குத் திரும்பி வரவில்லை. மூன்று வீடு நாலாகி, ஐந்தாகி, அவனுக்கு நேரம் போதவில்லை.

கலா அடுத்த வருடம் மாரியில் வந்தாள். மெலிந்த பிள்ளை, ஒரு சின்னப் பெட்டி, விமான நிலையத்தில் குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றாள். யோகனும் அவளும் ஒருவரையொருவர் தொடவில்லை. அவன் பெட்டியை வாங்கிக்கொண்டு, "பாரமில்லையே" என்று கேட்டான். அவள் இல்லை என்று தலையாட்டினாள். இத்தனை வருடத்துக்குப் பிறகு அவர்கள் நேரில் கதைத்த முதல் கதை அது.

இரண்டுநாள் கழித்து நோரா எங்கள் எல்லோரையும் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். தன் தாய் வைக்கும் குழம்பை, ஊரில் வைக்கிற முறைப்படி வைத்திருப்பதாகச் சொன்னார். பல வருடம் ஐரிஷ் குழம்பு காய்ச்சிய எனக்கு, ஐரிஷ்காரி காய்ச்சியது அன்றுதான் கண்ணில் பட்டது. வெள்ளையாக இருந்தது. ஆட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், தண்ணீர். பொரிக்கவில்லை, தாளிக்கவில்லை, மிளகுகூட எண்ணி எண்ணிப் போட்டதுபோல. நான் ஒரு கரண்டி வாயில் வைத்தேன். உண்மையைச் சொன்னால் ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. யோகன் தட்டைப் பார்த்தபடி மெதுவாக மென்றுகொண்டிருந்தான். நோரா எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, பரவாயில்லை, என் கணவர் இதைக் கண்டாலே வெளியே போய்ச் சாப்பிடுவார் என்றார்.

கலா மட்டும் தலை நிமிராமல் சாப்பிட்டாள். ஒரு துண்டுக் கிழங்கும் விடவில்லை. பாண்துண்டால் தட்டைத் துடைத்தும் சாப்பிட்டாள். பிறகு தட்டை இரண்டு கையாலும் பிடித்து, நோரா பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தினாள்.

நோராவுக்கு விளங்கவில்லை. என்ன வேண்டுமாம் என்று யோகனைக் கேட்டார். யோகன் கலாவிடம், பிடிக்கவில்லை என்றால் விடலாம், அவ ஒண்டும் நினைக்க மாட்டா என்று மெல்லச் சொன்னான்.

"நல்லாயிருக்கு. இன்னும் கொஞ்சம் தரச் சொல்லுங்கோ" என்றாள் கலா. கொஞ்சம் பொறுத்து, "இறைச்சி இருக்கு. உப்பும் போட்டிருக்கு" என்றாள்.

யோகன் கரண்டியைக் கீழே வைத்தான். சண்டையின் அந்தக் கடைசி மாதங்களில் அவள் என்ன சாப்பிட்டாள் என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. நோராவுக்கு இத்தாலிய மொழியில் நான்தான் சொன்னேன், கலா சொன்னபடியே, கூட்டாமல் குறைக்காமல்.

நோரா அகப்பையை எடுத்தார். பிறகு அதை வைத்துவிட்டு, அடுப்படிக்குப் போய், பானையை அப்படியே தூக்கிக்கொண்டுவந்து கலாவுக்கு முன்னால் வைத்தார்.